இடிக்கும் முன் எழுதுக
பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்துப் பழம்பொருள்களும் அவற்றைப் பதிந்தோரும்

வடக்கே வெள்ளாறும் தெற்கே கொள்ளிடமும் ஓட, மேற்கே பச்சைமலை காவல் நிற்க, இடையே பரந்து கிடக்கும் நிலமே இன்றைய பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்கள். நெடுங்காலம் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் உறுப்புகளாக இருந்த இப்பகுதிகளுள் பெரம்பலூர் 1995இலும், அதிலிருந்து அரியலூர் 2007இலும் தனி மாவட்டங்களாயின. வரகும் கம்பும் சோளமும் விளையும் மானாவாரிப் புன்செய் ஒருபுறம், கொள்ளிடக் கரையின் நன்செய் மறுபுறம் என அமைந்த இந்நிலத்தின் ஊடே, சென்னையிலிருந்து திருச்சிக்குச் செல்லும் பெருவழி ஓடுகிறது. படைகள் இவ்வழியே வந்தன. துறவியரும் வணிகரும் அயல்நாட்டாரும் இவ்வழியே நடந்தனர். அவருள் சிலர் தாம் கண்டவற்றை எழுதி வைத்தனர்.

பழம்பொருள் என்றவுடன் நம் நினைவுக்கு வருவன கோயிற்சிலையும் கல்வெட்டும் காசுமே. அரசர் ஏந்திய வாளும் உழவர் வீட்டுத் திருகையும் ஏடெழுதிய எழுத்தாணியும் நீர் வடித்த துணியும் அவ்வரிசையில் இடம்பெறத் தக்கனவே. இம்மூவகைப் பொருள்களும், அதாவது தொல்சின்னங்களும் படைக்கலங்களும் மனைப்பொருள்களும், நம் வட்டாரத்தில் எவ்வாறு அழிந்தன, எவ்வாறு எஞ்சின என்று ஆராய்வோமாயின் ஓர் உண்மை தெளிவாகும். வலிமையால் எஞ்சிய பொருள் குறைவு. எவரோ ஒருவர் உரிய காலத்தில் எழுதி வைத்தமையால் எஞ்சியதே மிகுதி. இவ்வுண்மையை நமக்கு முதன்முதல் கற்பித்த இடமும் நம் வட்டாரத்திலேயே உள்ளது.

திருமழபாடி காட்டிய நெறி

அரியலூர் மாவட்டத்தில் கொள்ளிடத்தின் வடகரையில் அமைந்த ஊர் திருமழபாடி. அங்குள்ள வைத்தியநாதசுவாமி கோயிலின் விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்டுமாறு முதலாம் இராசராசன் தன் 28ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1013ஆம் ஆண்டளவில் ஆணையிட்டான். பழைய சுவர்களில் முன்னோர் செய்த கொடைகளைக் கூறும் கல்வெட்டுகள் இருந்தன. சுவரைப் பிரித்தால் கொடையின் சான்று போய்விடும். ஆகவே, பிரிப்பதற்கு முன் அக்கல்வெட்டுகள் அனைத்தையும் புத்தகத்தில் படியெடுக்க வேண்டும் என்பதும், கட்டி முடித்தபின் அவற்றைப் புதிய சுவரில் மீண்டும் வெட்ட வேண்டும் என்பதும் அவ்வாணையின் பகுதியாயின. இராசராசன் மறைந்தான், அவன் மகன் இராசேந்திரனின் 14ஆம் ஆட்சியாண்டில் அக்கல்வெட்டுகள் புதிய விமானத்தில் மீண்டும் பொறிக்கப்பட்டன. இச்செய்தியை அக்கோயிற் கல்வெட்டே கூறுகிறது.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு, புதியதைக் கட்டும் ஆர்வம் பழையதை விழுங்கிவிடக் கூடாது என்று ஓர் அரசு எண்ணியிருக்கிறது. பழைய கல்லை அப்படியே வைத்துக்கொள்ள இயலாத நிலையிலும், அக்கல் சொன்ன சொல்லைக் காத்துக்கொள்ள இயலும் என்று அது கண்டது. ‘இடிக்கும் முன் எழுதுக’ என்னும் இந்நெறியைத் தொல்லியல் துறை என்ற ஒன்று தோன்றுவதற்குப் பன்னூறு ஆண்டுகட்கு முன்பே கொள்ளிடக் கரை கண்டிருந்தது.

அக்காலத்தார் கல்லெழுத்தை மட்டும் மதித்தார் அல்லர், கலங்களையும் மதித்தனர். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு இராசராசனும் அவன் குடும்பத்தாரும் அளித்த தளிகை, வட்டில், கலசம், படிக்கம் முதலிய கலங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியே நிறுக்கப்பட்டன. பொன்னை நிறுக்கும் கல்லுக்கு ‘ஆடவல்லான்’ என்றும், மணிகளை நிறுக்கும் கல்லுக்கு ‘தட்சிணமேரு விடங்கன்’ என்றும் பெயரிட்டு, எடையை எழுத்தில் பொறித்தனர். அப்பொற்கலங்களுள் ஒன்றும் இன்று நம் கண்முன் இல்லை. ஆயினும் அவற்றின் பெயரையும் எடையையும் கொடுத்தவர் யார் என்பதையும் நாம் அறிவோம். கலம் போயிற்று, கணக்கு நின்றது.

எழுதாமல் இடித்த கதை

அந்த இராசேந்திரன் எழுப்பிய தலைநகரமே கங்கைகொண்ட சோழபுரம். சற்றேறக்குறைய 250 ஆண்டுகள் சோழப் பேரரசின் தலைநகராக விளங்கிய அவ்வூர், பிற்காலத்தில் கோயிலொன்றும் ஏரிக்கரையொன்றும் மட்டும் மிஞ்சிய சிற்றூராயிற்று. 1855இல் சென்னையில் ஃபாரோ என்னும் பதிப்பாளர் வெளியிட்ட தென்னிந்திய விவரச்சுவடி அவ்வேரியைப் பற்றி வியந்து பேசுகிறது. வடக்கு தெற்காக 16 மைல் நீளும் கரை, கொள்ளிடத்திலிருந்து ஏறத்தாழ 60 மைல் தொலைவு நீர் கொணர்ந்த கால்வாய், வடபுறம் வெள்ளாற்றிலிருந்து வந்த மற்றொரு கால்வாய் ஆகியவற்றை அது குறித்துள்ளது. சோழகங்கம் எனப் பெயர் பெற்றுப் பின் பொன்னேரி என வழங்கிய அந்நீர்நிலை எத்துணைப் பெரியது என்பதை, அது வறண்டு கிடந்த காலத்து எழுதப்பட்ட அக்குறிப்பே நமக்கு உணர்த்துகிறது.

கோயிலுக்கு நேர்ந்தது வேறு. 1836இல் அணைக்கரையில் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டப்பட்டது. அணைக்கு வேண்டிய கருங்கல்லைத் தொலைவிலிருந்து கொணர்வதைவிட, அருகில் அடுக்கி வைத்தாற்போல் நின்ற கோயில் மதிலைப் பெயர்ப்பது எளிது என்று பணியாளர் கருதினர். சுற்றுமதில் ஏறக்குறைய முழுவதும் தகர்ந்தது. சிற்பவேலை மிக்க கற்களும் தப்பவில்லை. இதனைக் கண்டு மனம் கொதித்த ஒருவர் எழுதிய பழைய குறிப்பு, 1875இல் ‘இந்தியன் ஆன்டிகுவரி’ என்னும் ஆராய்ச்சி இதழில் எடுத்துப் பதிக்கப்பட்டது. ஊரார் அந்த அழிவைத் தடுக்க முயன்றனர் என்றும், முயன்றவர்க்குத் தண்டனையே கிடைத்தது என்றும், பெயர்த்த கல்மதிலுக்கு ஈடாகச் செங்கல் மதில் கட்டித் தருவதாகச் சொன்ன வாக்கு நிறைவேறவே இல்லை என்றும் அக்குறிப்பு கூறுகிறது.

அணையைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. கீழணையின் நீர் பல்லாயிரம் வேலி நிலத்தை வாழ்விக்கிறது. இராசராசனும் ஒரு கட்டடத்தைப் பிரித்தவனே. இரு செயல்களுக்கும் உள்ள வேறுபாடு, பிரிக்கும் முன் எழுதினார்களா என்பதில் இருக்கிறது. கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலில் இன்று கிடைக்கும் கல்வெட்டுகளுள் பழமையானது வீரராசேந்திரன் காலத்தது. கோயிலை எடுப்பித்த இராசேந்திரனின் கல்வெட்டு அங்கே கிடைக்கவில்லை. மதிற்கற்களில் எழுத்து இருந்ததா, இருந்திருப்பின் எவருடைய அறத்தை அது சொல்லிற்று என்று கேட்கக் கல்லும் இல்லை, படியும் இல்லை. திருமழபாடியிலிருந்து அவ்வூர் வெகு தொலைவில் இல்லை. ஆனால் அந்நெறி மட்டும் அங்கு வந்து சேரவில்லை.

1882இல் ராபர்ட் சுவெல் சென்னை மாகாணத்துத் தொல்சின்னங்களை ஊர்தோறும் பட்டியலிட்டு வெளியிட்டார். 1907இல் ஹெமிங்வே திருச்சிராப்பள்ளி மாவட்ட விவரச்சுவடியை எழுதினார். 1954இல் மயிலை சீனி. வேங்கடசாமி ‘சமணமும் தமிழும்’ என்னும் நூலில் சமணத் திருவுருவங்கள் உள்ள ஊர்களை மாவட்டவாரியாகத் தொகுத்தபோது ஜெயங்கொண்ட சோழபுரத்தையும் சேர்த்தார். வயலோரத்திலும் ஏரிக்கரையிலும் ஆலமரத்தடியிலும் அமர்ந்திருக்கும் தீர்த்தங்கரர் திருமேனிகளை, ஊரார் வேறு பெயரிட்டு வணங்கும் காட்சி தமிழகத்தில் புதிதன்று. எந்த ஊரில் எந்தத் திருமேனி இருந்தது என்பதை நாம் இன்று அறிகிறோம் என்றால், இத்தகைய பட்டியல்களுக்கே நன்றி கூற வேண்டும்.

படைக்கலங்கள் சென்ற வழி

கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்ட நம்மவர், படைக்கலங்களைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று சிலர் வினவக் கூடும். படைக்கலம் வரலாற்றின் சான்றுகளுள் ஒன்று. எதைக் கைவிட்டோம் என்பதை அறிந்தாலன்றோ, கைவிட்டதன் அருமை விளங்கும்?

பெரம்பலூருக்கு வடக்கே பெருவழியின் ஓரத்தில் நிற்கும் ரஞ்சன்குடிக் கோட்டையை நம்மில் பலர் கண்டிருப்போம். 1751இல் அங்கு நடந்த போரில் முகம்மது அலிக்குத் துணையாக ஆங்கிலேயரும், சந்தா சாகிபுக்குத் துணையாகப் பிரெஞ்சுக்காரரும் நின்றனர். அப்போரை விரிவாக எழுதியவர் ராபர்ட் ஓர்ம். அவர் வாலிகண்டபுரத்தின் பெயராலேயே அக்கோட்டையைக் குறிக்கிறார். சுமார் 200 அடி உயரமுள்ள பாறை, அதன் அடிவாரத்தைச் சூழ்ந்த மதில், உச்சிக்கு அருகே இரண்டாம் மதில், உச்சியைச் சூழ்ந்த மூன்றாம் மதில் என்று மும்மதில் அமைப்பை அவர் வருணிக்கிறார். அவர் நூலின் முதற்பகுதி 1763இல் வெளிவந்தது. இன்று கோட்டையின் மேல் ஏறி நிற்பவர் அந்த வருணனையோடு ஒப்பிட்டு, எது நிற்கிறது, எது சரிந்தது என்று அளந்து அறியலாம்.

அரியலூரில் மழவராயர்களும் உடையார்பாளையத்தில் உடையார்களும் பாளையக்காரராக ஆண்ட காலம் அது. உடையார்பாளையத்தார் ‘காலாட்கள் தோழ’ என்னும் சிறப்புப் பெயரைத் தாங்கினர். காலாட்படையின் தோழன் என்று பொருள்படும் அப்பெயர் இன்றும் ஏடுகளில் வாழ்கிறது. அக்காலாட்கள் ஏந்திய வேலும் வாளும் எங்கே?

விடையைத் தமிழகத்தின் பாளையங்களுக்கெல்லாம் பொதுவான ஒரு நிகழ்ச்சியில் காணலாம். சிவகங்கைச் சீமையில் சின்னமருதுவோடு பழகிய ஆங்கிலப் படைத்தலைவர் ஜேம்ஸ் வெல்ஷ், வேல் எறியவும் வளரி வீசவும் தமக்குக் கற்பித்தவர் அவரே என்று 1830இல் வெளியிட்ட தம் நினைவு நூலில் எழுதியுள்ளார். பயின்ற கையில் வளரி 100 கெசம் வரை குறி தவறாது செல்லும் என்பதும் அவர் குறிப்பு. அந்தச் சின்னமருது 1801இல் தூக்கிலிடப்பட்டார். அவ்வாண்டு டிசம்பரில் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட அறிக்கை, பாளையங்களில் படைக்கலங்களை வைத்திருப்பதையும் பயில்வதையும் தடை செய்தது. தலைமுறைகளாகக் கொல்லர் உலையில் வடித்த வேலும் ஈட்டியும் மறைந்தன. வளரியின் வீச்சு எத்துணைத் தொலைவு என்பதை, அதைத் தடை செய்த அரசின் படைத்தலைவர் எழுதிய வரியிலிருந்தே இன்று நாம் மேற்கோள் காட்ட வேண்டியிருக்கிறது.

கொள்ளிடத்துக்குத் தெற்கே தஞ்சை அரண்மனையிலும் இவ்வாறே நிகழ்ந்தது. மராட்டிய அரசு முடிவுற்றபின் அங்கிருந்த படைக்கலச் சாலை 1860களில் கலைக்கப்பட்டது. சென்னை அருங்காட்சியகத்துக்கென ஒரு பகுதி தெரிந்தெடுக்கப்பட்டது. எஞ்சியவை உடைக்கப்பட்டுப் பழைய இரும்பு விலைக்குப் போயின. இதனை நமக்கு எழுதி வைத்தவர் வால்ஹவுஸ் என்னும் ஆங்கில அதிகாரி. தஞ்சைப் பழைய படைக்கலச் சாலையைப் பற்றி அவர் 1878இல் வெளியிட்ட கட்டுரையும், எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ள கட்டாரி, வாள் முதலியவையுமே இன்று அச்சாலையின் நினைவு. கொல்லும் கருவி ஒழிந்தது நன்றே; அதனை வடித்த கைத்திறனின் சான்றும் உடன் ஒழிந்ததே, அதுவன்றோ இழப்பு?

மனைப்பொருளும் நிகண்டும்

வாளுக்கும் சிலைக்கும் கிடைத்த அளவு கவனம் முறத்துக்கும் உரலுக்கும் கிடைக்கவில்லை. நம் வட்டாரத்து வீடு ஒன்றில் இரு தலைமுறைக்கு முன் என்னென்ன இருந்தன? தானியம் கொட்டி வைக்கும் குதிர், பத்தாயம், அளக்க மரக்கால், படி, உழக்கு, வரகு திரிக்கத் திருகை, குத்த உரல், உலக்கை, புடைக்க முறம், அரைக்க அம்மி, ஆட்டுக்கல், நீர் கொள்ளச் செம்பு, தவலை, அண்டா, கொப்பரை, வெற்றிலைக்குப் பாக்குவெட்டி, பூசைக்குக் குத்துவிளக்கு. இவை ஒவ்வொன்றுக்கும் உறுப்புகள் உண்டு. உறுப்புகள் ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. பொருள் போனால் பெயரும் போகும்.

இப்பெயர்களைத் தொகுக்கும் பணியைத் தமிழில் முன்னின்று செய்தோருள் சமணரும் உளர் என்பது நமக்குப் பெருமை தருவது. வெள்ளாற்றுக்கு வடக்கே உள்ள திருநறுங்கொண்டையைச் சார்ந்த குணபத்திரரின் மாணவரான மண்டலபுருடர் இயற்றியது சூடாமணி நிகண்டு. அதன் 12 தொகுதிகளுள் ஏழாவது செயற்கை வடிவப் பெயர்த் தொகுதி. மனிதன் கையால் செய்த பொருள்களின் பெயர்களுக்கென்றே ஒரு முழுத் தொகுதியை அவர் ஒதுக்கினார். கருவியும் கலமும் அணியும் அதில் இடம்பெற்றன. திண்ணைப் பள்ளிக்கூடங்களில் சிறுவர் அதனை மனப்பாடம் செய்தனர். அருங்காட்சியகம் என்னும் கட்டடம் இல்லாத காலத்தில் மாணவர் நாவே அருங்காட்சியகமாக இருந்தது.

அதே மரபைப் பின்பற்றியவர் நம் வட்டாரத்தில் வாழ்ந்த அயல்நாட்டார் ஒருவர். அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சியில் தங்கித் தமிழ்ப்பணி செய்த வீரமாமுனிவர், 1732இல் சதுரகராதியைத் தொகுத்தார். பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுதிகளாக அமைந்த அவ்வகராதி, செய்யுள் வடிவில் இருந்த நிகண்டுச் சொற்களை அகர வரிசைக்குக் கொணர்ந்தது. பேச்சு வழக்குத் தமிழுக்கென அவர் இலத்தீன் மொழியில் எழுதிய இலக்கணம் 1738இல் தரங்கம்பாடியில் அச்சாயிற்று. சமண முனிவரான திருத்தக்கதேவரின் சீவக சிந்தாமணியை அவர் ஆழ்ந்து பயின்றமைக்குத் தேம்பாவணி சான்று பகரும் என்பர் அறிஞர். சமயம் வேறாயினும், சொல்லைக் காப்பதில் சமணப் புலவரும் அவரும் ஒரே வழியில் நடந்தனர்.

மனைப்பொருள்களுள் மிக எளிய ஒன்றை இனிக் கூற வேண்டும். அஃது ஒரு துண்டுத் துணி. 1792இல் இந்தியாவுக்கு வந்து 30 ஆண்டுகளுக்கு மேல் தென்னாட்டில் வாழ்ந்த பிரெஞ்சுப் பாதிரியார் துபுவா, இந்நாட்டு மக்களின் பழக்கவழக்கங்களைப் பற்றி எழுதிய நூல் 1816இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. சமணரைப் பற்றி அதில் தனியே ஒரு பகுதி உண்டு. பொழுது சாயுமுன் உண்டு முடிப்பதையும், நீரில் வாழும் சிற்றுயிர்க்கு ஊறு நேராவண்ணம் கலத்தின் வாயில் துணி கட்டி வடித்த பின்னரே பருகுவதையும் அவர் குறித்துள்ளார். அவருடைய கருத்துகள் அனைத்தும் நமக்கு உடன்பாடானவை அல்ல. ஆயினும் எந்த அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பேழையிலும் இடம்பெறாத அந்த வடிதுணியை, இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஓர் அயலார் எழுத்தில் ஏற்றிவிட்டார். நம் அறம் நூலில் மட்டும் இல்லாமல், அடுக்களையிலும் இருந்தது என்பதற்கு அவ்வரியே சான்று.

காலின் மெக்கன்சி என்னும் நில அளவை அதிகாரி சமணரைப் பற்றி எழுதிய கட்டுரை ஆசியவியல் கழகத்தின் ஆராய்ச்சித் தொகுதியில் வெளிவந்தது. அவருக்குச் செய்தி சொன்ன உதவியாளருள் தருமையா என்னும் சமண அறிஞரும் ஒருவர். அயலார் எழுதியவை என்று நாம் போற்றும் பதிவுகளுக்கும் அடியில் நம்மவர் நாவும் நினைவும் இருந்தன. சொன்னவர் நாம், எழுதியவர் அவர். இனிச் சொல்வதும் எழுதுவதும் நாமாகவே இருத்தல் வேண்டும்.

எழுதாத மனைப்பொருள்களைச் சில வேளைகளில் மண் காத்துத் தருகிறது. கங்கைகொண்ட சோழபுரத்துக்கு அருகே மாளிகைமேட்டில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1980களிலும், அண்மை ஆண்டுகளிலும் அகழாய்வு நடத்தியது. அரண்மனையின் செங்கற்சுவரோடு கூரை ஓடுகளும் இரும்பு ஆணிகளும் தந்தப் பொருள்களும் சீனப் பீங்கான் துண்டுகளும் வெளிப்பட்டன. கங்கை கொண்ட வேந்தனின் மனையில் கூரையை எது தாங்கிற்று என்பதை நமக்குச் சொன்னது காவியம் அன்று, துருவேறிய ஆணி.

ஏடு தேடிய சிறுவன்

மனைப்பொருள்களுள் மிக உயர்ந்தது ஏட்டுச்சுவடி. அதனைக் காத்த பெருமகனார் உ.வே. சாமிநாதையரின் இளமைக்காலம் நம் வட்டாரத்திலேயே கழிந்தது. அரியலூர், குன்னம், காரை, செங்கணம் ஆகிய ஊர்களில் தாம் தமிழ் பயின்ற வரலாற்றை ‘என் சரித்திரம்’ நூலில் அவர் விரிவாக எழுதியுள்ளார். பெரம்பலூரை அடுத்த செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடம் அவர் பாடம் கேட்ட நூல் யாப்பருங்கலக் காரிகை. அதனை இயற்றிய அமிதசாகரர் சமணர். பின்னாளில் கும்பகோணத்தில் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க முற்பட்ட அவர், சமயக் கருத்துகளில் ஐயம் தோன்றியபோதெல்லாம் அவ்வூர்ச் சமண அன்பர்களை நாடித் தெளிந்தார். 1887இல் சிந்தாமணி அச்சேறியது.

ஏடுகள் வீடுகளில் எவ்வாறு அழிந்தன என்பதையும் அவர் மறைக்காமல் எழுதினார். ஆடிப்பெருக்கன்று பழஞ்சுவடிகளை ஆற்றில் விடும் வழக்கத்தையும், கோயிலொன்றில் ஏடுகளை ஓமத்தீயில் இட்ட கொடுமையையும் அவர் எழுத்தாலேயே அறிகிறோம். அழித்தவர் பகைவர் அல்லர். படிக்கத் தெரியாத ஏட்டைப் புனிதமாக அனுப்பி வைப்பதாகவே அவர்கள் நம்பினர். அன்பும் சில வேளை அழிவுக்குத் துணைபோகும்.

ஒரு நிழற்படம் மீட்ட திருமேனி

எழுதி வைத்தால் என்ன பயன் என்று கேட்போர்க்கு அரியலூர் மாவட்டமே அண்மைக்காலத்தில் விடை தந்துள்ளது. ஸ்ரீபுரந்தான் என்னும் சிற்றூரின் சிவன் கோயிலில் பூட்டி வைத்திருந்த சோழர்காலச் செப்புத் திருமேனிகள் களவு போயின. அவற்றுள் நடராசர் திருமேனியை 2008இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. விற்ற சுபாஷ் கபூர் காட்டிய உரிமைச் சான்றுகள் பொய்யானவை. அப்பொய்யை உடைத்தது எது? புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் 1994இல் அக்கோயிலுக்கு வந்து எடுத்து வைத்திருந்த நிழற்படம். படத்தில் இருந்த நடராசரும் கலைக்கூடத்தில் இருந்த நடராசரும் ஒருவரே என்பது ஒப்பிட்டு நிறுவப்பட்டது. 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் புது தில்லியில் அத்திருமேனியை இந்தியாவிடம் ஒப்படைத்தார். 2022 நவம்பரில் கும்பகோணம் நீதிமன்றம் கபூருக்கு 10 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது.

கருங்கல் மதிலும் இரும்புப் பூட்டும் காக்க முடியாத திருமேனியை, ஒரு பழைய நிழற்படம் கடல் கடந்து மீட்டது. 1013இல் திருமழபாடியில் நிகழ்ந்ததன் தொடர்ச்சியே இது. அன்று புத்தகம், இன்று நிழற்படம். பதிவு இல்லாத திருமேனி களவு போனால், அது தன் ஊர்ப்பெயரைச் சொல்ல வழியில்லை.

நாம் செய்யத்தக்கன

சமண சமயம் நூலை வணங்கும் சமயம். சுருத பஞ்சமி அன்று ஏடுகளை வெளியே எடுத்து, தூசி போக்கி, புதுத்துணி சுற்றி வழிபடுவது நம் மரபு. ஆண்டுக்கொருமுறை நூலை எடுத்துப் பார்க்க வேண்டும் என்னும் கடமையை வழிபாடாக்கிய முன்னோரின் அறிவு வியக்கத்தக்கது. அவ்வழிபாட்டைச் சற்றே விரிவாக்கிக்கொள்வோமாக.

முதலாவதாக, நம் இல்லங்களில் எஞ்சியுள்ள பழம்பொருள்களை அந்நாளில் பட்டியலிடுவோம். பொருளின் பெயர், வழங்கிய ஊர், நீளம், எடை, எவ்வுலோகம், யார் பயன்படுத்தினர், எதற்கு என்பவற்றை ஒரு தாளில் எழுதி, நிழற்படம் ஒன்றையும் இணைத்தால் போதும். வீட்டு முதியோர் இருக்கும்போதே இதைச் செய்தல் வேண்டும். பொருளின் உறுப்புப் பெயர்களை அவர்களே அறிவர். ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம் என்று தெருவில் குரல் கேட்டுப் பாட்டியின் தவலையைக் கொடுத்துவிடுவோர் கொடுக்கட்டும். கொடுப்பதற்கு முன் எழுதி வைக்கட்டும்.

இரண்டாவதாக, ஏடுகள். படிக்க இயலாதவை என்று எவரும் அவற்றைக் கழிக்க வேண்டா. சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகமும், உ.வே.சா. நூல்நிலையமும், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகமும் சுவடிகளைப் பேணுகின்றன. கம்பையும் கயிறும் எழுத்தாணியும் ஏட்டோடு சேர்ந்தவையே. அவற்றையும் பிரிக்காது காத்தல் நன்று.

மூன்றாவதாக, நிலத்திலிருந்து திருமேனியோ காசோ வெளிப்பட்டால் உடனே மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவித்தல் வேண்டும். புதையற்பொருள் பற்றிய 1878ஆம் ஆண்டுச் சட்டம் அதனைக் கடமையாக்குகிறது. நம் பொறுப்பில் உள்ள நூறாண்டுக்கு மேற்பட்ட கல், செப்புத் திருமேனிகளை 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி பதிவு செய்வதும் இன்றியமையாதது. எண்ணெயும் வண்ணமும் பூசாமல், கிடைத்த நிலையிலேயே படமெடுத்தல் வேண்டும்.

நான்காவதும் தலையாயதும் நம் ஜினாலயத் திருப்பணிகளைப் பற்றியது. பக்தியால் நாம் பழைய சுவரைப் பிரிக்கிறோம். தரையில் புதுக்கல் பதிக்கிறோம். மணல் வீசித் தூணைத் துலக்குகிறோம். துலங்கிய தூணில் எழுத்து மங்கிவிடுகிறது. நன்கொடையாளர் பெயரைப் பளிங்கில் பொறிக்கும் நாம், 800 ஆண்டுக்கு முன் விளக்குக்கு ஆடு கொடுத்தவர் பெயரை அதே சுவரில் அழித்துவிடுகிறோம். அவரும் நன்கொடையாளரே. திருப்பணிக்கு நாள் குறிக்கும் முன், கல்வெட்டைப் படியெடுக்கவும் கட்டடத்தை முழுமையாகப் படமெடுக்கவும் ஒரு நாளை ஒதுக்குவது எந்த அறக்கட்டளைக்கும் பெருஞ்செலவு அன்று.

பற்றின்மையைப் போதிக்கும் சமயத்தவர் பழம்பொருள் மீது பற்றுக் கொள்ளலாமா என்று கேட்கலாம். பொருளைத் தனதாக வைத்துக்கொள்ள விழைவது பற்று. பொருள் நில்லாது என்பதை உணர்ந்து, அது சொல்லும் செய்தியைப் பின்வருவோர்க்கு எழுதி வைப்பது தானம். நால்வகைத் தானங்களுள் சாத்திர தானத்தையும் வைத்தனர் நம் ஆசாரியர். திருமழபாடியில் அன்று படியெடுத்தவர் எவர் என்பதை எக்கல்வெட்டும் கூறவில்லை. அவர் எழுதியதால் பிறர் செய்த அறங்கள் ஆயிரம் ஆண்டு நின்றன. அவர் அமர்ந்த இடத்தில் இன்று நாம் அமர வேண்டும்.